பழைய ஹாலிவுட் படம் பாக்க ஆரம்பிக்கணுமா? ஒரு ஸ்டார்கிட்ட இருந்து ஆரம்பிங்க

பழைய ஹாலிவுட் படம் பாக்கணும், எங்க ஆரம்பிக்கறதுன்னு யாராவது கேட்டா உடனே ஒரு லிஸ்ட்டைக் கையில குடுத்துடுறாங்க. உலகத்துலயே சிறந்த 100 படம்னு போட்டு முதல் வரிசையில சிட்டிசன் கேன் இருக்கும். கேட்ட ஆளு வேலையெல்லாம் முடிச்சுட்டு ராத்திரி அதைப் போடுவாரு, அரை மணி நேரத்துல கண்ணு சொருகிடும், பழைய படம்னாலே இப்படித்தான் போலன்னு அதோட விட்டுடுவாரு. ரொம்ப நல்ல படம் அது, ஆனா கொஞ்சம் பழகினப்புறம் பாக்க வேண்டிய படம்.

நான் சொல்ற வழி வேற. ஒரு ஸ்டாரைப் பிடிங்க, அந்த முகம் எந்தெந்தப் படத்துல வருதோ அது பின்னாடியே போங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க சிவாஜி படம், எம்ஜிஆர் படம், பத்மினி படம்னுதானே பாத்தாங்க, டைரக்டர் பேரு பாதி பேருக்குத் தெரியாது, அதனால அவங்க ரசனை ஒண்ணும் குறைஞ்சு போயிடலை. ஹாலிவுட்டும் 1930லேர்ந்து 1950கள் வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு. எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்கேஓ, இந்த அஞ்சு பெரிய ஸ்டூடியோவும் ஸ்டாரை ஏழு வருஷக் கான்ட்ராக்ட்ல மாசச் சம்பளக்காரங்க மாதிரி வச்சுக்கிட்டு, இவங்களுக்கு எது பொருந்தும், எந்தப் பக்கம் திரும்பினா முகம் அழகா இருக்கும்னு பாத்துப் பாத்துதான் கதையை வாங்கினாங்க, எழுதினாங்க, லைட் வச்சாங்க. அதனால அந்தப் படங்களுக்குள்ள போக வாசல் ஸ்டார்தான்.

முதல்ல டிவியைச் சரி பண்ணுங்க

இதை யாரும் சொல்றதில்லை, ஆனா பாதிப் பேரு வெறுத்துப் போறதுக்கு இதுதான் காரணம். 1953க்கு முன்னாடி வந்த படங்க கிட்டத்தட்ட எல்லாமே சதுரத்துக்குப் பக்கத்துல இருக்கற சைஸ்தான், அகலத் திரை சினிமாஸ்கோப் வந்தது அந்த வருஷம்தான். நம்ம டிவி அகலம், அதனால ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரத்தான் செய்யும். அது கண்ணை உறுத்துதுன்னு ரிமோட்டை எடுத்து ஃபுல் ஸ்க்ரீனா இழுத்தீங்கன்னா இங்ரிட் பெர்க்மன் முகம் பூசணிக்காய் மாதிரி ஆயிடும், ஜூம் பண்ணினா தலை வெட்டுப்படும். அப்படியே விட்டுடுங்க, பத்து நிமிஷத்துல பட்டை இருக்கறதே மறந்துடும்.

அப்புறம் டிவி செட்டிங்ஸ்ல மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பேரு வச்சிருப்பாங்க, அதை ஆஃப் பண்ணிடுங்க, இல்லேன்னா படம் சீரியல் மாதிரி வழுவழுன்னு ஓடும். சினிமா மோடுன்னு இருந்தா அதுல போடுங்க. இங்கிலீஷ் சப்டைட்டில் கண்டிப்பா வேணும், இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்களுக்கும்தான் சொல்றேன், ஏன்னா அந்தக் காலத்துல அவங்க பேசற வேகம் வேற. ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே படத்துல ஒருத்தர் பேசி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சிடுவாரு, டைரக்டர் ஹோவர்ட் ஹாக்ஸ் வேணும்னே அப்படித்தான் எடுத்தாரு.

கலர் பூசின பதிப்பு மட்டும் வேண்டாம். 1980கள்ல கம்ப்யூட்டர் வச்சு கருப்பு வெள்ளைப் படங்களுக்கு கலர் அடிச்சாங்க, கேசபிளாங்காவைக்கூட விடலை. எந்த சாம்பல் எங்க விழணும்னு கணக்குப் போட்டு வச்ச வெளிச்சம் அது, மேல ரோஸ் பவுடரும் நீலக் கோட்டும் பூசினா எல்லாம் போச்சு.

ஆரம்பிக்க நாலு படம், உங்க மனசு எப்படியோ அதுக்கேத்த மாதிரி

காதல் படம் பிடிக்கும்னா ரோமன் ஹாலிடே, 1953. கிரெகரி பெக்கும் ஆட்ரி ஹெப்பர்னும். அதுதான் ஆட்ரிக்கு ஹாலிவுட்ல முதல் பெரிய ரோல், அதுக்கே சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கிட்டாங்க. பெக் அப்பவே பெரிய ஸ்டார், படத்தோட தலைப்புக்கு மேல அவரு பேரு மட்டும்தான் வர்றதா இருந்துச்சு, ஷூட்டிங் நடக்கும்போதே அவருதான் இந்தப் பொண்ணு பேரையும் என் பேரு பக்கத்துல போடுங்கன்னு சொன்னாரு. இந்தக் கதையை மனசுல வச்சுக்கிட்டு டைட்டில் கார்டைப் பாருங்க, படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் பிடிச்சுப் போயிடும்.

சிரிக்கணும்னா சம் லைக் இட் ஹாட், 1959, மர்லின் மன்றோ. போஸ்டர்லயும் காபி மக்லயும் மட்டுமே மர்லினைப் பாத்தவங்களுக்கு இந்தப் படம் ஒரு ஆச்சரியம், காமெடில அவங்க டைமிங் எவ்வளவு நுட்பமா இருக்குன்னு அப்பதான் புரியும்.

த்ரில்லர்னா சரேட், 1963, பாரிஸ்ல நடக்கற கதை, கேரி கிரான்ட்டும் ஆட்ரியும். இதுல ஒரு வசதி, பிரிண்ட்ல காப்பிரைட் அறிவிப்பைச் சட்டப்படி போடாம விட்டுட்டதால அமெரிக்காவுல இது வந்த அன்னிக்கே பொதுச்சொத்து ஆயிடுச்சு. அதனால நிறைய இடத்துல இலவசமா கிடைக்கும், ஆனா நல்ல பிரிண்ட்டா தேடிப் பாருங்க, மங்கின பிரிண்ட்டும் கூடவே நிறைய சுத்துது.

நாலாவது கேசபிளாங்கா. 1942 நவம்பர்ல நியூயார்க்ல முதல்ல போட்டாங்க, 102 நிமிஷம்தான். இதை ஹம்ஃப்ரி போகார்ட், இங்ரிட் பெர்க்மன் காதலுக்காகப் பாருங்க, ஆனா ஒரு சீனை மட்டும் திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஜெர்மன் ஆபீஸர்ஸ் அவங்க பாட்டைப் பாடிக்கிட்டு இருக்கும்போது விக்டர் லாஸ்லோங்கற கதாபாத்திரம் எழுந்து போய் பேண்ட்கிட்ட பிரெஞ்சு தேசியகீதத்தை வாசிக்கச் சொல்ற சீன். கஃபே மொத்தமும் எழுந்து பாடும், ஒரு பொண்ணு முகம் க்ளோஸப்ல வரும், கண்ணுல தண்ணி. அவங்க மதலீன் லெபோ, நிஜமாவே நாஜிக்குப் பயந்து பிரான்ஸ்லேர்ந்து தப்பிச்சு வந்தவங்க. அந்தப் படத்துல சூதாட்ட மேஜையில நிக்கற மார்செல் டாலியோ அப்ப அவங்க கணவர், அவரும் அகதி. நாஜி மேஜரா வர்ற கான்ராட் வைட் நாஜிகளை வெறுத்து ஜெர்மனியை விட்டு வந்தவரு. அந்தக் கூட்டத்துல பல பேருக்கு அது நடிப்பே இல்லை, போர் அப்ப முடியக்கூட இல்லை, யார் ஜெயிப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அந்த இடத்துல தொண்டை அடைக்கும்.

இந்த நாலுல எந்த முகம் உங்களை இழுக்குதோ அதைப் பிடிச்சுக்குங்க. ரெண்டு முகம் இழுத்தாலும் தப்பில்லை.

ஸ்டார் பின்னாடி போறது எப்படின்னு ஒரு உதாரணம்

நான் பார்பரா ஸ்டான்விக்கை எடுத்துக்கறேன், எனக்கு எல்லாரையும் விட அவங்கதான். நிஜப் பேரு ரூபி ஸ்டீவன்ஸ், நியூயார்க் ப்ரூக்ளின்ல பொறந்தவங்க, நாலு வயசுல அம்மா இறந்துட்டாங்க, அப்பா விட்டுட்டுப் போயிட்டாரு. டீன் ஏஜ்ல மேடையில கோரஸ் டான்ஸரா ஆடி, அங்கிருந்து நாடகம், அங்கிருந்து சினிமா. நாலு தடவை ஆஸ்கருக்கு நாமினேட் ஆயி ஒண்ணுகூட கிடைக்கலை, 1982ல கௌரவ விருதுதான் குடுத்தாங்க.

இவங்க படங்களை வருஷ வரிசையில பாக்காதீங்க. முதல்ல த லேடி ஈவ், 1941, ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எடுத்தது. கப்பல்ல சீட்டாடி ஏமாத்தற பொண்ணு. ஹென்றி ஃபோண்டா பெரிய பணக்கார வீட்டுப் பையன், தனியா உக்காந்து புக் படிச்சுக்கிட்டு இருப்பாரு, டைனிங் ஹால்ல இருக்கற அத்தனை பொண்ணுங்களும் அவரை மடக்கப் பாப்பாங்க. ஸ்டான்விக் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாங்க, பவுடர் டப்பாக் கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சு அதுக்குள்ள தெரியற கூட்டத்தைப் பாத்து ஒவ்வொருத்தியும் என்ன செய்யறா, அவன் என்ன நினைக்கறான்னு ரேடியோ கமெண்ட்ரி மாதிரி சொல்லிக்கிட்டே போவாங்க. நாமளும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளயே பாத்துக்கிட்டு இருப்போம். கடைசில அவன் பக்கத்துல நடந்து போறப்ப காலை நீட்டித் தடுக்கி விழ வச்சிட்டு என் செருப்பு ஹீலை உடைச்சிட்டியேன்னு அவன் மேலயே பழியைப் போடுவாங்க. இதுக்கு மேல ஒரு ஸ்டாருக்கு அறிமுகம் வேணுமா?

அடுத்தது டபுள் இன்டெம்னிட்டி, 1944, பில்லி வைல்டர் எடுத்தது. அதே ஆளு, இப்ப புருஷனைக் கொல்லத் திட்டம் போடற மனைவி. தலையில பளபளன்னு ஒரு பொன்னிற விக், கால்ல ஒரு சங்கிலி, அந்தச் சங்கிலி மாடிப்படியில இறங்கி வரும்போது தெரியற விதம் ஒண்ணே போதும். சிரிச்ச அதே வாய்தான், ஆனா இப்ப அந்தச் சிரிப்புல ஈரமே இருக்காது.

அதுக்கப்புறம் பின்னாடி போங்க, பேபி ஃபேஸ், 1933. அப்ப அவங்களுக்கு வயசு இருபத்தஞ்சு. ஒரு ஏழைப் பொண்ணு ஆம்பளைங்களைப் பயன்படுத்தி ஒரு பேங்க்ல மாடி மாடியா மேல ஏறிப் போற கதை. அந்த வருஷம் சென்சாருக்குப் பயந்து வெட்டித்தான் வெளியிட்டாங்க, வெட்டாத பதிப்பு எழுபது வருஷம் கழிச்சு 2004லதான் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல கிடைச்சுது. அதுக்கப்புறம் ஸ்டெல்லா டல்லஸ், 1937, அம்மா ரோல், கைக்குட்டை எடுத்து வச்சுக்கிட்டுப் பாருங்க.

இந்த நாலு படத்தையும் பாத்தீங்கன்னா ஒரு பொண்ணோட முகத்தை மட்டும் பாத்திருக்க மாட்டீங்க. காமெடி, க்ரைம், சென்சார் இறுகறதுக்கு முந்தின காலத்துப் படம், அழுகைப் படம், நாலு வகையும் உங்களுக்கே தெரியாம அறிமுகம் ஆயிருக்கும். கூடவே ஃபோண்டா, வைல்டர், ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ்னு மூணு பேரு கையில வந்திருக்கும், அதுல எதைப் பிடிச்சாலும் அடுத்த பத்து படம் ரெடி. கேரி கிரான்ட்டை எடுத்தாலும் இப்படித்தான் விரியும், பிரிஸ்டல்ல பொறந்த ஆர்ச்சிபால்ட் லீச் அவரு, ப்ரிங்கிங் அப் பேபில கோமாளி, நடோரியஸ்ல கல்லு மாதிரி மனசு, நார்த் பை நார்த்வெஸ்ட்ல சாம்பல் கலர் கோட்டு கசங்காம ஓடுவாரு.

அந்த அழகு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்குங்க

ரெண்டு மூணு படம் பாத்ததும் எல்லாருக்கும் வர்ற கேள்வி இது, இவங்க எப்படி இவ்வளவு அழகா இருக்காங்க, இப்ப ஏன் யாரும் இப்படி இல்லை? அந்த அழகுல பாதிதான் பொறப்பு, மீதி ஒரு கூட்டமே சேர்ந்து செஞ்ச வேலை. இது தெரிஞ்சா மயக்கம் போயிடும்னு சிலர் பயப்படறாங்க, எனக்கு அது தெரிஞ்சப்புறம்தான் இன்னும் ஆசை ஜாஸ்தியாச்சு.

மார்லின் டீட்ரிச்சைப் பாருங்க, ஷாங்காய் எக்ஸ்பிரஸ், 1932. லைட்டை முகத்துக்கு நேரா, உயரத்துல வச்சிருப்பாங்க, அதனால மூக்குக்குக் கீழ ஒரு சின்ன நிழல் வண்ணத்துப்பூச்சி ஷேப்ல விழும், கன்ன எலும்பு எடுத்துக் குடுக்கும், கன்னம் உள்ள போன மாதிரி தெரியும். இதுக்கு பாரமவுண்ட் லைட்டிங்னே பேரு ஆயிடுச்சு. கேமராமேன் லீ கார்ம்ஸுக்கு அந்தப் படத்துக்கு ஆஸ்கர். டீட்ரிச்சே லைட்டு விஷயத்துல தேர்ந்த ஆளு, கேமரா பக்கத்துல பெரிய கண்ணாடி வச்சு தன்னைப் பாத்துக்கிட்டே நடிப்பாங்க. அடுத்த தடவை எந்தப் பழைய படம் பாத்தாலும் க்ளோஸப் வரும்போது ஹீரோயின் மூக்குக்குக் கீழ நிழல் எங்க விழுதுன்னு பாருங்க, லைட்டு எங்க இருக்குன்னு நீங்களே சொல்லிடலாம்.

இன்னொரு லைட்டு, கேமரா லென்ஸுக்கு ஒட்டினாப்புல மேல மாட்டற சின்ன லைட்டு, அதுக்கு ஓபின்னு பேரு. மெர்ல் ஓபரானுக்காக வந்தது. 1937ல கார் விபத்துல அவங்க முகத்துல தழும்பு ஆயிடுச்சு, த லாட்ஜர் படம் எடுக்கும்போது கேமராமேன் லூசியன் பல்லார்ட் நேர் முன்னாடி வெளிச்சம் குடுத்து அந்தத் தழும்பை மறைச்சாரு. பின்னாடி ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. இந்த மெர்ல் ஓபரான் யாருன்னா, பம்பாய்ல பொறந்து கல்கத்தால வளர்ந்தவங்க. நான் ஆஸ்திரேலியா பக்கம் டாஸ்மேனியால பொறந்தேன்னு வாழ்நாள் முழுக்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 1979ல அவங்க இறந்தப்புறம்தான் உண்மை உலகத்துக்குத் தெரிய வந்துச்சு. இந்திய ரத்தம்னு தெரிஞ்சா அன்னிக்கு ஹீரோயின் ரோல் கிடைச்சிருக்காது. வதரிங் ஹைட்ஸ் படத்துல அவங்க முகத்தைப் பாக்கும்போது இதை மறக்க முடியாது, இவ்வளவு புகழுக்கு நடுவுல எவ்வளவு தனியா இருந்திருப்பாங்கன்னு தோணும். டார்ஜிலிங்ல பொறந்த விவியன் லீக்கு இப்படி மறைக்க வேண்டிய அவசியம் வரலை, அவங்க வெள்ளைக்கார வீட்டுப் பொண்ணு.

போட்டோன்னா ஜார்ஜ் ஹரல். 1930ல எம்ஜிஎம்ல சேர்ந்தவரு. நீங்க நெட்ல பாக்கற ஜோன் க்ராஃபர்ட், ஜீன் ஹார்லோ, நார்மா ஷியரர் படங்கள்ல பாதி அவரு எடுத்ததுதான். எட்டுக்குப் பத்து இன்ச் நெகட்டிவ் போடற பெரிய கேமரா, மைக் பூம் மாதிரி நீளக் கம்பில தொங்கற லைட்டு, அதை மேலேர்ந்து கூந்தல் மேல இறக்குவாரு. க்ராஃபர்டுக்கு முகமெல்லாம் புள்ளி புள்ளியா மச்சம், அதை மேக்கப் போட்டு மறைக்காம அப்படியே எடுத்துட்டு, அப்புறம் ரீடச் ஆளு கூர்மையான பென்சிலால நெகட்டிவ் மேலயே வேலை பாத்து ஒவ்வொரு புள்ளியா எடுப்பாரு. தோல் பளிங்கு மாதிரி இருக்கறது அந்தப் பென்சிலாலதான்.

துணிக்கு ரெண்டு பேரு ஞாபகம் வச்சுக்குங்க. எம்ஜிஎம்ல ஏட்ரியன், பாரமவுண்ட்ல எடித் ஹெட். எடித் ஹெட் மட்டும் எட்டு ஆஸ்கர் வாங்கினவங்க. டைட்டில் கார்டுல அந்தப் பேரு வந்தா படம் எப்படியிருந்தாலும் டிரெஸ்ஸுக்காகப் பாக்கலாம்.

பாட்டு விஷயம் நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கில்டா படத்துல, 1946, ரீட்டா ஹேவொர்த் கருப்பு சாட்டின் டிரெஸ்ல ஒரு கையுறையை மெதுவா கழட்டிக்கிட்டே பாடுவாங்களே, அந்தக் குரல் அனிதா எல்லிஸ். மை ஃபேர் லேடில ஆட்ரிக்கும், வெஸ்ட் சைட் ஸ்டோரில நட்டாலி உட்டுக்கும், த கிங் அண்ட் ஐல டெபோரா கெர்ருக்கும் பாடினது ஒரே ஆளு, மார்னி நிக்சன். நம்ம ஊர்ல பி. சுசீலா பாடினாங்கன்னு ரெகார்டுலயே பேரு போட்டு, ரேடியோவுல பேரு சொல்லி, அவங்களுக்கே தனி ரசிகர் கூட்டம். அங்க ஸ்டார் தானே பாடினாங்கன்னு ஜனங்க நம்பணும், அதனால பாடினவங்க பேரு டைட்டில்ல வரவே வராது. மார்னி நிக்சன் பேரைத் தெரிஞ்சு வச்சுக்குங்க, அந்தக் குரலுக்கு அவ்வளவாவது செய்யணும்.

கொஞ்சம் சரித்திரம், ரொம்ப வேண்டாம்

மூணு வருஷம் தெரிஞ்சா போதும். 1927, த ஜாஸ் சிங்கர் வந்து பேசும்படம் ஆரம்பிச்சுது. 1934, சென்சார் விதியை இறுக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடியே 1930லேர்ந்து விதி காகிதத்துல இருந்துச்சு, யாரும் பெருசா மதிக்கலை, அதனாலதான் பேபி ஃபேஸ் மாதிரி படம் வர முடிஞ்சுது. 34க்கு அப்புறம் புருஷன் பொண்டாட்டிக்கே தனித்தனிக் கட்டில்தான். ஆனா பாருங்க, கட்டுப்பாடு வந்ததால டைரக்டர்களுக்கு மூளை ஜாஸ்தி வேலை செஞ்சுது, முத்தம் ரொம்ப நீளக் கூடாதுன்னு இருந்ததால ஹிட்ச்காக் நடோரியஸ்ல கிரான்ட்டையும் பெர்க்மனையும் ஒரு முத்தம், ரெண்டு வார்த்தை, ஒரு முத்தம், போன் பேசிக்கிட்டே ஒரு முத்தம்னு ரெண்டரை நிமிஷம் ஓட்டிட்டாரு. எந்தப் படுக்கையறை சீனும் அதுக்குப் பக்கத்துல வராது. 1948, ஸ்டூடியோ தியேட்டரையும் வச்சுக்கக் கூடாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, கூடவே டிவியும் வந்துச்சு, பழைய முறை அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா சரிய ஆரம்பிச்சுது.

ஒலிவியா டி ஹாவிலண்ட் பேரை இதோட சேர்த்துக்குங்க. குடுத்த ரோலை வேண்டாம்னா ஸ்டூடியோ சஸ்பெண்ட் பண்ணும், சஸ்பெண்ட் ஆன நாளையும் கான்ட்ராக்ட் கடைசில சேர்த்துக்கும், அதனால ஏழு வருஷம் முடியவே முடியாது. அவங்க கேஸ் போட்டு 1944ல ஜெயிச்சாங்க, ஏழு வருஷம்னா காலண்டர் ஏழு வருஷம்தான்னு கலிஃபோர்னியா கோர்ட் சொல்லுச்சு. அந்தச் சட்டத்தை இன்னிக்கும் அவங்க பேராலதான் சொல்றாங்க. 2020ல 104 வயசுல பாரிஸ்ல இறந்தாங்க.

மனசு கஷ்டப்படற இடமும் வரும்

வரும், ரெடியா இருங்க. கான் வித் த விண்ட் படத்துக்காக ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கின முதல் கருப்பினத்தவர், 1940 பிப்ரவரில, ஆனா விழா நடந்த ஹோட்டல்ல அவங்களை மத்த நடிகர்களோட உக்கார விடலை, ஓரமா தனி டேபிள். அட்லாண்டாவுல நடந்த பிரீமியருக்கும் போக முடியலை. அன்னா மே வாங், லாஸ் ஏஞ்சலஸ்லயே பொறந்த சீன அமெரிக்கர், அவ்வளவு அழகு, அவ்வளவு ஸ்டைல், த குட் எர்த்ல சீனப் பொண்ணு ரோலுக்கு எல்லாரும் அவங்களைத்தான் நினைச்சாங்க, கடைசில வெள்ளைக்காரர் லூயிஸ் ரெய்னருக்குக் குடுத்தாங்க, அவங்க ஆஸ்கரும் வாங்கினாங்க. கருப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடற சீன்களை, தெற்கு மாநில தியேட்டருக்கு அனுப்பும்போது வெட்டினாலும் கதை கெடாத மாதிரி தனியா எடுத்து வச்சாங்க. இதுக்காக இந்தப் படங்களை ஒதுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கவும் சொல்ல மாட்டேன். அன்னா மே வாங்கை ஷாங்காய் எக்ஸ்பிரஸ்லயே பாக்கலாம், டீட்ரிச் பக்கத்துல நின்னுக்கிட்டு கொஞ்சமா பேசி மொத்த ஃப்ரேமையும் எடுத்துக்குவாங்க.

எங்க கிடைக்கும்

தொண்ணூறுகள்ல கேபிள் டிவி பாத்து வளர்ந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ராத்திரி ஆனதும் கார்ட்டூன் நெட்வொர்க் முடிஞ்சு அதே சேனல்ல டிஎன்டி ஆரம்பிக்கும், எம்ஜிஎம் சிங்கம் கர்ஜிக்கும், தூங்கச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கருப்பு வெள்ளையில யாரோ ஆடிக்கிட்டு இருப்பாங்க. எங்க தலைமுறைல நிறைய பேருக்கு இந்த ஆசை ஒட்டிக்கிட்டது அங்கதான். இப்ப அப்படி தானா வந்து விழாது, தேடணும்.

ஸ்ட்ரீமிங்ல இன்னிக்கு இருக்கற படம் அடுத்த மாசம் இருக்காது, அதனால ஜஸ்ட்வாட்ச் மாதிரி ஒரு ஆப்ல படத்தோட பேரைப் போட்டு இந்தியாவுல எங்க ஓடுதுன்னு பாருங்க. க்ரைட்டீரியன் சேனல்னு பழைய படங்களுக்குப் பேர்போன ஒரு ஸ்ட்ரீமிங் இருக்கு, அதுக்கு ஆசைப்பட வேண்டாம், அது அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும்தான். யூட்யூப்ல வாடகைக்கும் நிறைய கிடைக்குது. அமெரிக்காவுல பொதுச்சொத்தா ஆன படங்க இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கும், சரேட், ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே, த ஸ்ட்ரேஞ்சர், டிட்டூர், பென்னி செரினேட், இந்த அஞ்சும் அங்க தேடலாம். அங்க வெளியாகி 95 வருஷம் முடிஞ்ச படங்களும் வருஷா வருஷம் ஜனவரி 1ஆம் தேதி சேர்ந்துக்கிட்டே வரும், ஊமைப்பட காலம் முழுசும் அப்படித் திறந்துடுச்சு. ஒரே படத்துக்குப் பல காப்பி இருந்தா ரீஸ்டோர் பண்ணினதுன்னு போட்டதை எடுங்க, முதல் ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாருங்க, முகத்துல கண் இமை தெரியலைன்னா வேற காப்பிக்குப் போங்க.

ஊமைப்படம் கடைசியா

பழகினப்புறம் வாங்க. பஸ்டர் கீட்டன்கிட்ட ஆரம்பிச்சா பயமே வேண்டாம், ஸ்டீம்போட் பில் ஜூனியர்ல, 1928, ஒரு வீட்டோட முன்சுவர் முழுசா அவரு மேல விழும், ஜன்னல் ஓட்டை இருக்கற இடத்துல நிக்கறதால தப்பிப்பாரு, அது நிஜச் சுவரு, நிஜ ஆளு. அப்புறம் கிரேட்டா கார்போ, ஃப்ளெஷ் அண்ட் த டெவில். ராத்திரி தோட்டத்துல ஜான் கில்பர்ட் அவங்களுக்கு சிகரெட் பத்த வைக்கற சீன் இருக்கு, குவிச்ச கைக்குள்ள தீக்குச்சியோட சேர்த்து ஒரு குட்டி லைட்டை ஒளிச்சு வச்சு கேமராமேன் வில்லியம் டேனியல்ஸ் ரெண்டு முகத்தையும் அந்த இருட்டுலேர்ந்து எடுத்துக் காட்டுவாரு. கார்போ 1941க்கு அப்புறம் நடிக்கவே இல்லை, வயசு 36தான், 1990ல இறக்கற வரைக்கும் திரும்பி வரலை.

இதையெல்லாம் பாத்தப்புறம் சன்செட் பூல்வார்ட், 1950. மறந்துபோன ஊமைப்பட ஸ்டாரா க்ளோரியா ஸ்வான்சன், அவங்க நிஜமாவே ஊமைப்பட ஸ்டார். வேலைக்காரரா வர்ற எரிக் வான் ஸ்ட்ரோஹைம் நிஜத்துல அவங்களை வச்சுப் படம் எடுத்த டைரக்டர், கதையில அவங்க வீட்டுல போட்டுப் பாக்கற பழைய படமே அவரு எடுத்த க்வீன் கெல்லிதான். டைரக்டர் செசில் பி. டிமில் டிமிலாவே வருவாரு. சீட்டாட்ட மேஜையில ஒரு வயசான மனுஷன் உக்காந்திருப்பாரு, அது கீட்டன். முதல் வாரமே இந்தப் படத்தைப் பாத்தா சாதாரணமா போயிடும், கீட்டனைப் பாத்துச் சிரிச்சவங்களுக்கு அந்த மேஜைகிட்ட வரும்போது நெஞ்சு அடைக்கும். இதுல ஹீரோவா வர்ற வில்லியம் ஹோல்டன் பிறகு த ப்ரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்ல நடிச்சாரு, அது இலங்கையில கித்துல்கல பக்கம் எடுத்த படம். எலிஃபன்ட் வாக்கும் இலங்கைதான், விவியன் லீ ஆரம்பிச்சு உடம்புக்கு முடியாம விலகி எலிசபெத் டெய்லர் வந்தாங்க, தூரத்து ஷாட்ல சிலது இன்னும் விவியன் லீதான், கண்டுபிடிக்கப் பாருங்க.

போட்டோ வாங்கற ஆசை வந்தா

வரும், எல்லாருக்கும் வருது. ஆன்லைன்ல ஒரிஜினல்னு விக்கறதுல பெரும்பாலானது பின்னாடி பிரிண்ட் போட்டது. அந்தக் காலத்து ஸ்டூடியோ ஸ்டில்லோட ஓரத்துல படத்தோட நம்பர் இருக்கும், பின்பக்கம் படத்தோட பேரும் நடிகர் பேரும் டைப் அடிச்ச காகிதம் ஒட்டியிருக்கும், இல்லேன்னா பத்திரிகை ஆபீஸ் முத்திரை. அதனால பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்க, அனுப்ப மாட்டேன்னா வாங்காதீங்க. சுவத்துல மாட்ட மட்டும்னா புது பிரிண்ட்டே நல்லாயிருக்கும், அதுக்கு ஒரிஜினல் விலை குடுக்காதீங்க. ஒரிஜினல் கிடைச்சா வெயில் படாத இடத்துல வையுங்க, லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க.